தேர்நாள் குளிசை

பெண்ணுரிமைப் போராளிக்கு அஞ்சாத நெஞ்சம் வேண்டும் என்று சொன்னவர்கள் பவளராணியைப் பார்த்திருக்க மாட்டார்கள். டென்மார்க்கின் எஸ்பியர்க் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்ட்டில் அரை ஆயுளைக் கழித்த இந்த நர்ஸம்மா பயப்படாத பொருள் உலகில் இல்லை. நாய்க்குப் பயம். நெடுஞ்சாலையில் லொறியை முந்தப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே, கோயில் தலைவரின் மனைவி மனோன்மணி அக்காவுக்குப் பயம்.

அப்படிப்பட்டவர் எப்படிப் போராளியானார் என்றால், ஒரு பாட் பெட்டியால், அதாவது மாதவிடாய்ப் பஞ்சுப் பெட்டியால். கோல்டிங்குக்கு வெளியே, முன்பு தளபாடக் கடையாக இருந்த கட்டடத்தில்தான் கோயில். அதன் பெண்கள் கழிப்பறையில், அவசரப்பட்டவர்களுக்கு உதவட்டுமே என்று ஒரு பெட்டியை வைத்தார். அடுத்த வெள்ளி பெட்டி இல்லை. மறுபடி வைத்தார். மறுபடி இல்லை. வைப்பதும் மறைவதுமாக இந்த மகாயுத்தம் இரண்டு திருவிழா கண்டது. எடுப்பது மனோன்மணி அக்காதான் என்று பவளராணிக்குத் தெரியும். இரு தரப்பும் நேருக்கு நேர் சந்தித்தால் "சாப்பிட்டீங்களோ?" என்பதோடு சரி.

இன்னொரு விசித்திரம். நூலகங்களில் டெனிஷ்காரப் பெண்கள் கூடும் இடத்தில், மாதவிடாய் பற்றி டெனிஷ் மொழியில் மணிக்கணக்காக முழங்குவார். தமிழில் கேட்டால் "அந்த... சுகமில்லாத நாள்" என்று நாக்கு மடங்கிவிடும்.

இத்தனை பயத்திலும் ஒரு பயத்துக்கு மட்டும் காரணம் இருந்தது. தேருக்கு வீட்டுக்குத் தூரம் வந்துவிடக் கூடாது என்று, நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை, நம் பேச்சில் குளிசை, விழுங்குவது நம்மவர் வழக்கம். வைத்தியரிடம் கேட்பதில்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பார்கள். பவளராணியின் வார்ட்டில் ஒரு முறை, அப்படிக் குளிசை எடுத்த ஒருத்திக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறியது. மாலையில் சிரித்துக் கதைத்தவள். காலையில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு எந்தத் தேரிலும் பவளராணிக்குச் சாமி கண்ணில் படவில்லை, பெண்களின் கால்கள்தான் பட்டன.

அந்த ஆடித் தேரன்று, பாற்குட வரிசையில் அஜந்தினி காலை இழுத்து இழுத்து நடந்தாள். மனோன்மணியின் புது மருமகள் அவள். செருப்பு வைக்கும் அடுக்கின் அருகே நிலத்தில் இருந்துவிட்டாள். பவளராணி சேலைக் கரையை விலக்கிப் பார்த்தார். ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட வீங்கி, சிவந்து, சுட்டது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது.

"குளிசை எடுத்தனியே, பிள்ளை?"

"ஓம் அன்ரி. மாமியிட்ட சொல்லிப்போடாதேங்கோ, நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் எண்டு நினைப்பா."

"ஆர் தந்தது?"

"மாமிதான். கொழும்பில இருந்து வந்தது. அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி வெட்டி எல்லாருக்கும் குடுத்தவ."

எல்லாருக்கும். குளிசையின் பெயர் இல்லை, பெட்டி இல்லை, எச்சரிக்கைத் தாள் இல்லை. வெட்டிய துண்டு மட்டும் பட்டுச்சேலை மடிப்புகளுக்குள் கோயில் முழுக்க நடந்து திரிகிறது.

அம்புலன்ஸுக்கு, நூற்றுப்பன்னிரண்டுக்கு, அடித்து முடிப்பதற்குள் மனோன்மணி வந்துவிட்டார். விரதத்தில் வருகிற மயக்கம், இளநீர் கொடுத்தால் எழும்பிவிடுவாள், தேர் இழுக்கிற நேரத்தில் அம்புலன்ஸ் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். பவளராணி எழுந்து, பார்வையை நிலத்திலிருந்து எடுக்காமல், பிள்ளையை எழுப்பி நடத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அம்புலன்ஸ் வர வழி இல்லை, வாசலெல்லாம் கார். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு பவளராணியின் கணவர் சண்முகலிங்கம். வருடம் முழுவதும் அந்த மைக்கில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு ஒன்றுதான்: இன்ன நம்பர் காரை எடுங்கோ. அன்றும் எடுக்கச் சொன்னார். கார்கள் விலகின. அம்புலன்ஸ் வந்து, ஒட்சிசன் முகமூடியோடு அஜந்தினியை ஏற்றிக்கொண்டு போனது. நாதஸ்வரம் நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ, மைக்கைத் தாங்கோ," என்றார் பவளராணி.

"எந்தக் கார்? நம்பரைச் சொல்லு, நான் சொல்லுறன்."

"கார் இல்லை."

முப்பது வருட இல்லறத்தில் மனைவியின் முகத்தை அப்படிப் பார்த்திராத சண்முகலிங்கம், தன் ஒரே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார். பவளராணி இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தார். அப்படியும் அது பற்களில் இடித்தது.

"மாதவிலக்கைத் தள்ளிப்போடக் குளிசை எடுத்த ஆக்கள், கால் நோகுது, மூச்சு முட்டுது எண்டால், செருப்பு வைக்கிற இடத்துக்கு வாங்கோ. பேர் கேக்க மாட்டன்."

நாதஸ்வரம் நின்றது. ஐயர் தீபத்தோடு அப்படியே நின்றார். வடத்தைப் பிடித்திருந்த ஆண்கள் திடீரென்று வடத்தின் முறுக்கை ஆராயத் தொடங்கினார்கள்.

பவளராணி செருப்புகளுக்கு நடுவே போய் நின்றார். யாரும் வரவில்லை. தன்னை இனி ஒரு வீட்டுக்கும் அழைக்க மாட்டார்கள் என்று நினைத்தார். அஜந்தினி வழியிலேயே போய்விட்டால் என்றும் நினைத்தார். முதல் பயம் அதோடு சின்னதாகிவிட்டது. பிறகு ஒரு பெண் செருப்புத் தேடுவதுபோல் வந்து, குனிந்தபடியே தன் காலைக் காட்டினாள். இன்னொருத்தியும் செருப்புத் தேடினாள். கொஞ்ச நேரத்தில் பாதிக் கோயிலுக்குச் செருப்புத் தொலைந்துவிட்டது. ஒருத்தியின் கால் வீக்கம் பவளராணிக்குப் பிடிக்கவில்லை. அவளைச் சண்முகலிங்கமே காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கடைசியாக மனோன்மணி வந்தார். கைப்பையில் மிச்சமிருந்த அட்டைத் துண்டுகளைப் பவளராணியின் கையில் வைத்தார்.

"பிள்ளை தப்புமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது, அக்கா," என்றார் பவளராணி. இரண்டு பேரும் செருப்பு அடுக்கிலேயே சாய்ந்து இருந்தார்கள். தேர் ஒரு சுற்று வந்து முடிந்ததை இருவரும் காணவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து மனோன்மணியின் மகன் போன் எடுத்தான். கட்டி நுரையீரலில்தான், ஆனால் நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம், மருந்து ஏறுகிறதாம். மனோன்மணி அழுதார். பவளராணி அடுத்தடுத்து இரண்டு தேத்தண்ணி குடித்தார்.

பாட் பெட்டி இப்போது மறைவதில்லை. அதைப் பற்றி இன்றுவரை யாரும் பேசியதும் இல்லை.

அடுத்த தேரிலும் பவளராணி செருப்பு அடுக்கின் அருகேதான் நின்றார். வட்டமிடும் பட்டுக் கரைகளுக்குக் கீழே ஒவ்வொரு கணுக்காலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கால் வீங்கியிருக்கிறது, எவள் வெட்கத்தில் வாய் திறக்காமல் நடக்கிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. தலை நிமிரவேயில்லை.

அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான், பவளராணிக்கு இப்ப நல்ல பக்தி வந்திட்டுது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.