வெட்டக் கூடாத சட்டை

சின்னவளே, உன் அக்கா கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த வருஷம், சுதந்திர தின அணிவகுப்புக்காகக் கொடுத்த காக்கிச் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. சட்டை பொருந்தாவிட்டால் முன்வரிசை கிடையாதாம். அழுதுகொண்டே இருந்தாள். விளாத்திகுளத்தில் பஸ் ஏறி, கோவில்பட்டி டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் வெட்டித் தைச்சிருங்க."

"நல்லாச் சொன்னீங்க! காலேஜ் சட்டைல்லா? திருப்பிக் கொடுக்கணும். அடுத்து வாரவ குண்டா இருந்தா எதைப் போடுவா?"

சிரித்துக்கொண்டே சட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். தையல் பிரித்த பழைய கோடுகள் மூன்று இருந்தன. காலருக்கடியில், முன்பு போட்ட பிள்ளைகளின் என்.சி.சி. எண்களை மையால் வரிசையாக எழுதியிருந்தார்கள்.

"எல்லாரும் மடிச்சுதான் தைச்சிருக்காவ. இந்தா, இந்தக் கோடு உங்க மக அளவேதான்."

அந்தக் கோட்டிலேயே மடித்துத் தைத்தார். அக்கா முன்வரிசையில் நடந்தாள். நான் மைதானத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அந்த மாணவர் படையின் வரலாறு என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சட்டையின் உட்புறம்தான். திருப்பிக் கொடுக்குமுன் தையலை நானே பிரித்தேன். அக்கா தன் எண்ணைக் கடைசியில் எழுதினாள்.

ஏட்டி சின்னவளே, அதற்குக் கீழே உன் எண்ணுக்கு இன்னும் இடம் இருக்கிறது.