பழுதாகாத அடுப்பு

எங்கள் வீட்டுக் குசினியில் புகைக்கூடு இல்லை. துறைமுகத்து வெள்ளைக்கார உத்தியோகத்தர்களுக்காகக் கட்டிய வீடு அது. அவர்கள் விறகு வைத்து ஊதிக்கொண்டிருக்கப் போவதில்லை என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போன பிறகு, துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்த அப்பாவின் கைக்கு வீடு வந்தது. குசினி மேடையில் இருந்த கரண்ட் அடுப்பும் வீட்டோடு சேர்ந்து வந்தது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். எனக்கு இருந்த ஒரே அண்ணன் மனைவி பிள்ளைகளோடு கொழும்பில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் கதிரையில் போட்டுவிட்டுப் போன சேலை போட்டபடியே கிடக்கும். குசினியின் கடல்பக்க ஜன்னலால் பார்த்தால் உட்துறைமுகமும், மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகும் தெரியும். அதில் சனங்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக் களிமண் தட்டு ஒன்று. அதில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளம். பள்ளத்துக்குள் சுருள் கம்பி. கம்பி சிவந்தால் அடுப்பு சூடாகிவிட்டது என்று அர்த்தம். சோற்றுக் கஞ்சி பொங்கிக் கம்பியில் சிந்தினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கம்பி அறுந்துவிடும். அதற்குப் பிறகு கடைப் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு.

அறுந்த கம்பியை மாற்றத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்கிற எவரைக் கூப்பிட்டாலும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மாற்றித் தந்துவிடுவார். நான் கூப்பிடுவதில்லை. தபால் கந்தோருக்குப் போய் அண்ணனுக்கு டெலிபோன் கோல் எடுப்பேன். “அடுப்பு பழுதாப் போச்சு அண்ணா” என்பேன். அந்த வாரச் சனிக்கிழமை காலையில், கொழும்பு இரவு மெயில் ரயிலில் வந்து இறங்கி, சேட் பொக்கெற்றுக்குள் பேப்பரில் சுற்றிய புதுச் சுருள் கம்பியோடு அண்ணன் வாசல் படலையைத் திறப்பார்.

வேண்டுமென்று நான் கஞ்சியைச் சிந்தவிட்டதில்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் ‘டப்’ என்ற சத்தம் கேட்டவுடன் எனக்குத் துக்கம் வந்ததாகவும் சொல்லமாட்டேன்.

அண்ணன் கதைக்காத மனிதர். சும்மா இருக்கவிட்டால் பேப்பரை விரித்துக்கொண்டு, கேட்டதற்கு “ஓம்” என்பார், “இல்லை” என்பார். கையில் வேலை இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். குசினி நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டே கதைப்பார். மகளுக்குக் கணக்கு ஓடாததை, கந்தோரில் மேலதிகாரி படுத்தும் பாட்டை, சின்ன வயதில் நாங்கள் இருவரும் கடலில் நீந்தப் போய் அப்பாவிடம் அடி வாங்கியதை எல்லாம் கதைப்பார். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். கம்பி சீக்கிரம் பொருந்திவிடக்கூடாதே என்று இருக்கும்.

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு இதெல்லாம் விளங்கும். மூதூரிலிருந்து கலியாணம் முடித்து வந்த முஸ்லிம் அக்கா அவர். அவருடைய குசினி ஜன்னலும் என் குசினியின் மற்ற ஜன்னலும் நேருக்கு நேர். ஆரம்பத்தில், “எங்கட வீட்டுக்காரர் அத ஒரு நொடில செஞ்சி தருவாரே டீச்சர்” என்று சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தரம் கேட்கவில்லை. அடுப்புக் கம்பி அறுந்த நாட்களில் மீன்குழம்பை மட்டும் வேலிக்கு மேலால் நீட்டுவார்.

கடைகளில் வெளிநாட்டுச் சாமான் மறுபடி வரத் தொடங்கிய காலம் அது. ஒரு சனிக்கிழமை அண்ணன் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். நான் கோல் எடுக்கவில்லை. அடுப்பு நன்றாகத்தான் இருந்தது. ‘என்னைப் பார்க்க வந்திருக்கிறார்’ என்று ஒரு கணம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைப் பிரித்தால் உள்ளே காஸ் அடுப்பு. கொஞ்ச நேரத்தில் டவுன் கடையிலிருந்து சிலிண்டரும் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தது.

“இனி உனக்குக் கரைச்சல் இல்லை” என்றார் அண்ணன். “எனக்கும் இந்த அலைச்சல் இல்லை.”

முதல் சொன்னது எனக்காக. இரண்டாவதாகச் சொன்னதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது. அவர் வராமல் விட்டுவிடுவாரோ என்ற பயம் அந்த நிமிடமே என்னைப் பிடித்துவிட்டது. “கரண்ட் அடுப்பு எனக்குப் பழகினது அண்ணா. இது ஏலாது” என்றேன். “என்ன ஏலாது? கொழும்பெல்லாம் இப்ப இதுதானே!” என்று சொல்லிக்கொண்டே குழாயை இறுக்கினார். அன்றைக்கு வேலை செய்யும்போது அவர் அதிகம் கதைக்கவில்லை. திருகி இறுக்குகிற வேலை. கை வைக்குமுன் முடிந்துவிட்டது. காஸ் திருகைத் திறக்கவும் பூட்டவும் காட்டித் தந்துவிட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

புது அடுப்பில் முதலில் பால் பொங்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் அம்மா செய்திருப்பார். அண்ணி வந்திருந்தால் அண்ணி செய்திருப்பார். நான்தான் இருந்தேன், நான் பாலை வைத்தேன். கரண்ட் அடுப்போடு சீவித்த காலமெல்லாம், கம்பி போய்விடும் என்று பயந்து பயந்து நுரை எழும்ப முன்னரே பாலை இறக்கிப் பழகிய கை என்னுடையது. இதில் அறுவதற்குக் கம்பி இல்லை. இன்றைக்காவது தாராளமாகப் பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். பால் எழும்பி நாலு பக்கமும் வழிந்தது. ‘பொங்கிட்டுது!’ என்று சொல்ல வாய்வரை வந்தது. யாரிடம் சொல்வது? கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, சாமிப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தத் தீப்பெட்டியை எடுத்தேன்.

“டீச்சர்! பத்த வெச்சிராதீங்க! அல்லாஹ்வே, பத்த வெச்சிராதீங்க!”

ஜன்னலில் நின்ற ராத்தா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடிவந்து, குசினிக்குள் பாய்ந்து திருகைப் பூட்டினார். மூடியிருந்த கடல்பக்க ஜன்னலையும் அடித்துத் திறந்தார். என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கொழும்பில் அவருடைய தங்கச்சி வீட்டில் காஸ் இருந்தது. அந்த மணம் அவருக்குத் தெரியும். வழிந்த பால் நெருப்பை அணைத்துவிட்டிருக்கிறது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அழுகின வெங்காயம் மாதிரி என்னவோ மணக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தீக்குச்சியைக் கையில் எடுத்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு அண்ணன் இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஓடிவந்தார். ராத்தா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறியது. முற்றத்து மண்ணிலேயே குந்திவிட்டார்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. செத்துப் பிழைத்தவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரக்கூடாதுதான். வந்தது. எனக்காக இப்படிப் பயப்படுகிற ஒருவரைப் பார்த்து எத்தனையோ காலம். இந்த அடுப்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், பழைய தட்டைத் தூக்கி மடியில் வைப்பார் என்று நினைத்தேன். வாய் திறந்து கேட்டும்விட்டேன்.

“இது வேண்டாம் அண்ணா. பழையதையே வைப்பம். பழுதானா நீங்கள் வந்து பாருங்கோவன்.”

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். “பாலைப் பொங்க விட்டதுதான் பிழை. அடுப்பில ஒரு பிழையும் இல்லை” என்றார். மணம் போகும்வரை காத்திருந்து, என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், திறந்து பூட்ட, திறந்து பூட்ட, நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் செய்வித்தார். கடைசியில் நான் பிழை விடாமல் செய்தேன். அவருக்குத் திருப்தி. அடுத்த நாள் போகும்போது வேலியடியில் நின்று ராத்தாவிடம், “நீங்கள் பக்கத்தில இருக்கிறபடியால எனக்கு இனி யோசனை இல்லை” என்றார். ராத்தா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அந்தப் பொங்கலுக்கு வருவார் என்று பார்த்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்றார். வருசப்பிறப்புக்கு அண்ணியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற வழியில் வருவதாகச் சொன்னார். யாழ்தேவி ரயிலில் நேரே போய்விட்டார்கள். பொய் என்று எதையும் சொல்ல ஏலாது. வர ஒரு காரணம் இருந்த மனிதருக்கு, வராமல் விடக் காரணங்கள் தாமாகவே கிடைத்தன.

ஒரு பின்னேரம் ராத்தா ஜன்னலில் நின்று கேட்டார்.

“அண்ணன இப்ப காணக் கெடைக்குதில்லயே டீச்சர்?”

“அடுப்பு நல்லா எரியுது ராத்தா” என்றேன்.

நான் திருகைப் பூட்டினேன்.