அரியக்குடிச் சாலையில் ஒரு வாசிப்பு

காலை எட்டேகால். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அரியக்குடிப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஐந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். எங்கள் கோவையில் அந்தக் காசுக்கு ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"எங்குட்டும்மா போறீக?" என்றார் ஓட்டுநர்.

பள்ளியில் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான கற்றல் மையத்துக்கு என்றேன்.

"கலா டீச்சர் கொட்டகைன்னு சொல்லுங்க! எம் மக அங்குட்டுத்தான் படிச்சுச்சு. இப்ப எட்டாப்பு. கரண்டு பில்லை அதுதான் வாசிச்சுச் சொல்லுது." சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது.

எட்டே முக்கால். முன்பு சிமெண்டு மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை. பதினெட்டுப் பிள்ளைகள். பெற்றோர் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். கலாவுக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளை பேசுவதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்கிறார். அதுதான் அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம். ஆட்டுக்குட்டி, அண்ணனோடு சண்டை, கல்யாண வீட்டுப் பிரியாணி எல்லாமே பாடம்தான்.

பதினொரு வயது ஆயிஷாவுக்கு அன்று முக்கியமான நாள். எழுத்துக்கூட்டத் தெரியாமல் வகுப்பே சிரித்ததால் பள்ளியை விட்டு நின்றவள் அவள். வரச்சொல்லிப் பள்ளியில் எத்தனையோ முறை கூப்பிட்டார்கள். "டீச்சர் முன்னாடி வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வருவேன்" என்று அவள்தான் பிடிவாதமாக இருந்தாள். அதைக் கேட்கத் தலைமையாசிரியை பதினொன்றரைக்கு வருகிறார். ஓட்டலில் பாத்திரம் கழுவும் அவள் அம்மா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார்.

எனக்கு முன்னோட்டமாகத் தன் நோட்டைக் கடகடவென்று வாசித்தாள். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. கதை மட்டும் ஒரு வரிகூடத் தப்பாமல் ஓடியது! இருபத்தாறு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளிடமா இது? 'ஆயிஷாவுக்கு வாசிக்க வராது. எல்லாம் மனப்பாடம்' என்று என் பயணக் குறிப்பு நோட்டில் எழுதினேன்.

கலாவிடம் சொன்னேன். சிரித்தார். "சொந்த நோட்டுல எல்லாப் பிள்ளையும் இந்த வேலைதாம்மா பண்ணும். அதான் இங்க பரீட்சைன்னா அடுத்தவுக நோட்டு."

பதினொன்றரை. தலைமையாசிரியை வந்து உட்கார்ந்ததும் மற்றப் பிள்ளைகள் ஆயிஷாவிடம் ஆளுக்கொரு நோட்டை நீட்டினார்கள். ஆயிஷா எதையும் வாங்கவில்லை.

"இதெல்லாம் இவுக வாசிக்கையில நான் கேட்டது, டீச்சர். கேட்டதைச் சொன்னா அது வாசிப்பா? அந்த அம்மா நோட்டைத் தாங்க" என்று என்னைக் காட்டினாள்.

மறுக்க வழியில்லாமல் கொடுத்தேன். விரலை வைத்து மெல்லப் போனாள். "ஷேர்... ஆட்டோ. இருபது... ரூபாய்." நெற்றியில் வியர்வை. என் கோணல் எழுத்தில் இரண்டு இடம் தடுக்கியது. பின்னால் போய்ச் சரியாகப் பிடித்தாள். அடுத்த பக்கம் வந்தது.

"ஆ... யி... ஷா... வுக்கு." நின்றாள். "வாசிக்க... வராது."

நான் தரையைப் பார்த்தேன். அவள் விடவில்லை. "எல்லாம்... மனப்... பாடம்."

நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள். "சரியா வாசிச்சேனா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லை" என்றேன்.

"அப்ப நீங்க எழுதுனதுதான் தப்பு."

தலைமையாசிரியைதான் முதலில் கைதட்டினார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல நானே கொண்டாந்து விட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன்" என்று ஆயிஷாவின் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், கேட்டவர்களிடமே மறுபடியும்.

பன்னிரண்டேகாலுக்குத் திரும்பும் ஆட்டோ. கோவையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு நான்கு மாடி, மாடிக்கொரு நூலகம். அங்கே எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் அதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஒரு பிள்ளையையாவது நிற்க வைத்து, இதை எனக்கு வாசித்துக் காட்டு என்று நான் கேட்டதில்லை.