நாலு இருவது கிலோ தட்டும் என்ட முதல் நூறும்

உள்ளங்கையெல்லாம் துரு மணம்... சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவினாலும் போகாது. சோத்துல கை வைக்கக்குள்ள உம்மா கேப்பா, "இரும்புக் கடையிலயா மகன் வேல செய்றாய்?" எண்டு.

எங்கட ஜிம்முட மணம் மச்சான் அது!

கல்முனையில கடக்கரப் பக்கம். விளையாட்டுக் கழகம் ஒண்டு போட்ட ஜிம். தகரக் கூரை, படுத்துத் தூக்க ஒரு பெஞ்ச், ஒரு ஸ்குவாட் ரேக், தட்டுக் கோக்கிற இரும்பு பார் ரெண்டு. உப்புக் காத்து பட்டு எல்லாமே துரு. நான் ஏ.எல் சோதின எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருந்த நேரம். ஃபோன்ல வீடியோ பாத்துப் பாத்தே எல்லாம் பழகின ஆள். எனக்குத் தெரியாத எக்சர்சைஸ் இல்ல...

தெரியாதது ஒண்டே ஒண்டுதான். மத்தவனோட சேர்ந்து பாவிக்கிறது.

விசயத்தக் கேளுங்க. அங்க இருவது கிலோ தட்டு மொத்தமே நாலுதான். பார் ஒரு இருவது. நாலையும் போட்டா சரியா நூறு! ரெண்ட வேற ஒருத்தன் வச்சிருந்தான் எண்டா, மிச்சக் குட்டித் தட்டெல்லாத்தையும் கோத்தாலும் தொண்ணூறத் தாண்டாது.

அதால நூறு தூக்கிறதெண்டா முழு ஜிம்மும் நிக்கணும்.

அதுக்கு ஒரு முறை இருந்திச்சு. நடுவுல நிண்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி "நாலும் வேணும்" எண்டு கேக்கணும். கேட்டா அம்புட்டுப் பேரும் செய்றத விட்டுட்டு வந்து நிப்பானுகள். ஆனா ஒரே ஒரு தரம்தான். தூக்கினாலும் சரி, கவுந்தாலும் சரி, இறங்கிரணும்.

எனக்கு அந்த நூறு எண்டா பைத்தியம்டா! கனவுலயும் பெஞ்ச்தான்!

அந்தப் பைத்தியத்துலதான் ஒரு வேல பாத்தன். சுதன் எண்டு ஒருத்தன், காரைதீவுல இருந்து சைக்கிள்ல வருவான். என்ட வயசுதான். ஸ்குவாட் எண்டா அவன்தான். அவன் தண்ணி குடிக்கப் போன இடவெளியில அவன்ட பார்ல இருந்த ரெண்டு இருவதையும் களட்டி என்ட பார்ல போட்டுட்டன். கேக்கல்ல. ஆரும் பாவிக்கல்ல தானே எண்டு நினைச்சன்...

நான் பெஞ்ச்ல படுக்க முந்தி அவன் வந்திட்டான். பாக்காம பாருக்குக் கீழ தோளக் குடுத்து, மூச்சு இழுத்து, முழுப் பலத்தோட எழும்பினான். பார் பறந்திச்சு! ஆள் ரெண்டு அடி பின்னால போய்ச் சுவத்துல சாஞ்சிட்டான். ஜிம்மே விழுந்து விழுந்து சிரிச்சிச்சு.

சுதன் சிரிக்கல்ல.

"தண்ணி குடிக்கப் போனாத் தட்டக் களட்டுவாய். கொஞ்சம் கண்ண மூடினா வேட்டியையும் களட்டிருவாய் என்ன?"

நானும் வாய மூடிட்டு இருக்கணும் தானே... "அப்ப தண்ணிப் போத்தலப் பக்கத்துல வை" எண்டு சொல்லிட்டன்.

முடிஞ்சி. அதுக்குப் பிறகு அவன்ட தட்டுப் பக்கம் நான் போனா ஒரே பதில்தான். "இன்னும் அஞ்சு செட் இரிக்கி." அசர் தொழுகைக்குப் பிறகு கேட்டாலும் அஞ்சு. வீட்ட போக வெளிக்கிடக்குள்ள கேட்டாலும் அஞ்சு! ரெண்டு கிழம!

அப்பிடியே நோன்பும் கிட்ட வந்திட்டு. அண்டைக்குப் பின்னேரம் பிறை பாக்கிற நாள். கண்டா விடிய நோன்பு, ஜிம் ஒரு மாசம் பூட்டு. பெருநாள் கழிஞ்சி வாறதுக்குள்ள என்ட பலமெல்லாம் இறங்கிரும். அண்டைக்கு விட்டா நூறு இல்ல.

பொழுது பட மஃரிப் பாங்கு சொன்னா எல்லாரும் தொழப் போயிருவானுகள், அதுக்குப் பத்து நிமிசம்தான் இரிக்கி. ரெண்டு தட்டு சுதன்ட பார்ல.

என்ட கூட்டாளி ரியாஸ் காதுக்குள்ள சொன்னான், "போய்க் கேளு. என்ன, கடிச்சிரவா போறான்?"

போனன்.

"சுதன்... அண்டைக்கு நான் செஞ்சது பிழ. கேட்டிருக்கணும். பிறகு கதைச்சதும் பிழ." மறுகா திரும்பி எல்லாருக்கும் கேக்கக் கத்தினன், "நாலும் வேணும்!"

ஒவ்வொருத்தனா செய்றத விட்டுட்டு வந்து நிண்டான்.

சுதன் என்ன மேலயும் கீழயும் பாத்தான். "எனக்கு இன்னும் அஞ்சு செட் இரிக்கி."

செத்தன் எண்டு நினைச்சன்.

அவன் குனிஞ்சான். ஒரு தட்டக் களட்டினான். மற்றதயும் களட்டினான். ரெண்டையும் அவனே தூக்கிட்டு வந்து என்ட பார்ல கோத்தான்!

"அத மறுகா அடிப்பன். நீ படு. பின்னால புடிக்க நான் நிக்கிறன். ரியாஸ் நிண்டா உன்னக் கொன்னுருவான்."

படுத்தன். பிஸ்மி சொல்லி இறக்கினன். நெஞ்சுல பட்டு எழும்பிச்சு... பாதியில நிண்டிட்டு! அசையுதே இல்ல! சுதன்ட ரெண்டு கையும் பாருக்குக் கீழ வந்திட்டு. அவன் விரல் பட்டா நூறு இல்லடா!

"தொடாத! தொடாத!" எண்டு கத்தினது நான்.

"தொடல்லடா, தள்ளு! தள்ளு நாயே!" எண்டு அவன் கத்துறான். முழு ஜிம்மும் கத்துது! தகரக் கூரையெல்லாம் அதிருது!

போய்ச்சு... மேல போய்ச்சு மச்சான்! நூறு!!

கட்டிப் புடிச்சிக் குதிச்சம். அப்ப பாங்கு சொன்னாங்க. நாங்க கை கால் கழுவிட்டுப் பள்ளிக்கு ஓட, சுதன் தட்ட எடுத்திட்டுப் போய்த் தன்ட அஞ்சு செட்ட அடிக்கத் தொடங்கிட்டான்.

இப்ப நான் கட்டார்ல. ஏ.சி ஜிம். சுவர் முழுக்க இருவது கிலோ தட்டு, பளபள எண்டு. ஆர்ட்டயும் கேக்கத் தேவையில்ல. நல்ல வசதி, பொய் சொல்லக் கூடா. இண்டைக்கு நூத்தி இருவது தூக்கினன். வச்சிட்டு எழும்பி அங்கால இங்கால பாத்தன்... எல்லார்ட காதுலயும் ஹெட்ஃபோன். ஒருத்தனும் திரும்பல்ல.

அதான் ரூமுக்கு வந்து குளிக்காமக் கூட இத எழுதிட்டு இரிக்கன்.

நூத்தி இருவதுடா! ஆராவது ஒருக்காக் கத்துங்கடா!