ஆறு கட்டைப் பியானோவும் ஒரு கட்டை அண்ணாச்சியும்

போன வாரம் இதே இடத்தில் ஒரு பியானோ பிளேட்டைப் பற்றி உருகி உருகி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கிராமபோன் பிளேட். ஒரு பியானோவும் பெரிய வாத்தியக் கூட்டமும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும் சங்கீதம்.

'இது துக்கம். சுத்தமான துக்கம். வெள்ளம் வடிந்த தாமிரபரணிக் கரையில் யாரையோ தேடி நடக்கிற நடை' என்றெல்லாம் எழுதியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தால், பிளேட்டையும் போட்டு விளக்கமும் சொல்கிறேன் என்று உங்களை அழைத்திருந்தேன்.

கைக்குட்டையோடு வாருங்கள் என்று வேறு!

வெள்ளிக்கிழமை ஒத்திகை. கிராமபோன் என்னுடையது அல்ல. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஆவுடையப்ப பிள்ளை அண்ணாச்சியுடையது. அதில் போட்டுக் கேட்டுத்தான் போன வாரம் உருகினேன். மெஷினைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசு வராது. மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வில்வண்டியில் அவரும் வந்திறங்கினார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பவர் ஞானம்மாள் டீச்சர். பிளேட்டின் முதல் வரியைத் தானே வாசித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். சாவி கொடுத்து, ஊசியை வைத்தோம். டீச்சர் பிளேட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினார். முகம் சுளித்தார்.

"சீட்டுல 'ஏ மைனர்'னு போட்டிருக்கு. பிளேட்டு 'எஃப்'ல பாடுது."

நம் கணக்கில் சொன்னால், ஆறு கட்டையில் வரவேண்டியது நாலு கட்டையில் வருகிறது.

நான் விடுவேனா? "பியானோ சுருதி இறங்கியிருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு..."

"பியானோ இறங்கினா பிளேட்டு ஏறில்லா கேக்கணும்? இது இறங்கில்லா கேக்கு!"

அப்போதுதான் பின்னால் ஓர் இருமல்.

"டீச்சரம்மா சொல்லுதது சரிதான்" என்றார் அண்ணாச்சி. "மெஷினு பைய ஓடட்டும்னு நான்தான் அந்த வேக ஸ்க்ரூவைத் திருகி வச்சிருக்கேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"காலையில குளிச்சிட்டு வந்து பிளேட்டோட சேர்ந்து பாடுதது என் வழக்கம். பிளேட்டுல உள்ள பாகவதரு மூணு கட்டையில நிக்காரு. எனக்கு ஒரு கட்டைதான். நான் ஏறிப் போகணும்னா தொண்டை கிழிஞ்சிரும். அதான் அவரை இங்கன இறக்கிக்கிட்டேன்."

டீச்சர் பியானோப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரூவைத் திருகினால் சுருதி மட்டுமா இறங்கும்? தாளத்தின் ஓட்டமும் அல்லவா கூடவே இறங்கும்? அப்படியானால் நான் கண்ட துக்கம்? நாளைக்கு வரப்போகிற கூட்டம்? அச்சில் ஏறிவிட்ட என் தாமிரபரணிக் கரை?

"அதைத் தொடாதிய" என்றார் அண்ணாச்சி. "ஒரு மாசம் தேடிப் பிடிச்ச இடம் வே அது. போனா கிடைக்காது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ அப்படியே இருந்தால் என் விளக்கமும் அப்படியே இருக்கும். சீமையில் அதை எந்த வேகத்தில் வாசித்தார்கள் என்று பாளையங்கோட்டையில் யார் கேட்கப் போகிறார்கள்?

"நாளைக்கு வாரவுகளுக்குத் தெரியாது" என்றார் டீச்சர், என் மனசைப் படித்தவர்போல. "நமக்குத் தெரியும்லா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்தார். ஸ்க்ரூவின் விளிம்பில் ஒரு பொட்டு, அதற்கு நேரே மெஷினில் ஒரு பொட்டு.

"இனிமே வழி தப்பாது. திருகும்."

டீச்சர் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க, நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். நாலு... ஐந்து... ஆறு. சேர்ந்தது!

அடடா! எங்கே போனது துக்கம்? கரையில் தேடி நடந்த ஆளைக் காணோம். பாணதீர்த்தத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி பியானோ கொட்டுகிறது. வாத்தியக் கூட்டம் தடுக்கப் பார்க்கிறது. அது கேட்பதாக இல்லை. அழுகையா அது? ரோஷம் ஐயா, ரோஷம்!

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. கைக்குட்டைகளும் வந்திருந்தன. எழுதிவைத்த விளக்கத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். இரண்டு வேகத்திலும் போட்டுக் காட்டினோம். கைக்குட்டைகள் கண்ணீர் துடைக்கத்தான் உதவின... சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

நம் தொண்டைக்குத் தக்கபடி உலகத்தை இறக்கி வைத்துக்கொண்டு, 'உலகம் அழுகிறது' என்று கட்டுரை எழுதுகிறோமே... என்னைத்தான் சொல்கிறேன்.

கூட்டம் கலைகிற நேரத்தில் யாரோ, அண்ணாச்சியின் பாகவதர் பிளேட்டையும் சரியான வேகத்தில் கேட்கவேண்டும் என்றார்கள். போட்டோம். இரண்டு வருஷமாகக் கிழவர் குரலில் பாடியவர், கணீரென்று இருபது வயசுக் குரலில் எடுத்தார்.

அண்ணாச்சி வாயைப் பிளந்து கேட்டார். முடிந்ததும் எழுந்துபோய், பொட்டுக்குப் பொட்டு சேரும்படி ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தார்.

"சின்ன வயசுக்காரராவே இருக்கட்டும். என்கூடப் பாடணும்னா என் வயசுக்கு வரணும் வே!"