மச்சான் கொண்டுவந்த கார்டு

2005-இல் லீவுக்கு மரக்காணம் வந்த மச்சான், என் அக்காவின் கணவர், துபாயிலிருந்து எனக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவந்தார். கேம் ஆடுவதற்காக நான் ஒவ்வொரு பார்ட்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு அது. போனில் "நல்லதா ஒண்ணு" என்று மட்டும் சொல்லித் தொலைத்தவன் நான்தான். அவர் வாங்கியது புது மாடல். பாண்டிச்சேரியில் நான் வாங்கியிருந்த மதர்போர்டில் கார்டைச் செருக இருந்ததோ பழைய ஸ்லாட். எப்படித் திருப்பினாலும் கார்டு உட்காரவில்லை. போர்டை மாற்றினால் ப்ராசஸரையும் மாற்ற வேண்டும், ராமையும் மாற்ற வேண்டும்.

"சேரலன்னு அவருகிட்ட வாயத் தொறந்த, அவ்ளோதான்," என்றாள் அக்கா.

கார்டை எதிலும் செருகாமல், கேபினட்டுக்குள் சும்மா ஸ்க்ரூ போட்டு முடுக்கி, மூடிவிட்டேன். போர்டிலேயே இருந்த கிராபிக்ஸில் கேம் திக்கித் திணறி ஓடியது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மச்சான், "நான் வாங்கியாந்த கார்டுலதான் ஓடுது," என்றார். ஒருநாள், "மூடியக் கழட்டுப்பா, இவங்களும் பாக்கட்டும்," என்றார்.

"வேணாம் மச்சான், உப்புக்காத்து பட்டா கார்டு துருப்பிடிச்சிடும்."

மச்சான் கேபினட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்ப அடுத்த லீவுக்கு இதே மாதிரி இன்னொண்ணு வாங்கியாறேன். ஸ்பேரா இருக்கட்டும்."