பிழையாகப் பதில் சொன்ன வகுப்பு

அந்த நாற்காலியின் இருக்கை என் முழங்காலுக்கும் கீழே இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக், முதுகுப்புறத்தில் யாரோ கூரான பென்சிலால் கீறிய ஒரு பூ. உரும்பிராயில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் இரண்டாம் தர வகுப்பில், கடைசி வரிசையில், சேலையை ஒதுக்கிக்கொண்டு கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் அதில் அமர்ந்த காலையில், வகுப்பாசிரியை கரும்பலகைக்கு முன்னால் நின்று உரக்கச் சிரித்தார். “ஏன் அக்கா உப்பிடிக் கள்ளன் மாதிரி ஒளிச்சுக்கொண்டு இருக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ. இதுகள் கடிக்காதுகள்.” வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருத்தி எழுந்துவந்து, முன்பின் அறியாத என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் ஒளிந்திருக்கவில்லை. பழகியதைச் செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் பல ஆண்டுகள் யாழ்ப்பாண நகரில் ஓர் இடைநிலைப் பாடசாலையில், படிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பறை உதவியாளராக இருந்தேன். அங்கே உதவி என்பது வெளியே தெரியக்கூடாத ஒன்று. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்க வராது என்றால், அவன் அருகில் போய் அமரக்கூடாது. அவனுக்கு முன்னால் இருப்பவனுக்கு விளக்குவதுபோல் விளக்க வேண்டும். அவன் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும், கேட்டபின்பும் கேட்காததுபோல் சொல்ல வேண்டும். வெட்கம் முகத்துக்கு வருமுன் கழுத்துக்கு வரும் என்பதை அந்த வகுப்புகளில்தான் கற்றேன். பிடரியில் ஒரு நரம்பு இறுகும். அதைக் கண்டவுடன் நான் எழுந்து யன்னலோரம் போய்விடுவேன்.

ஆரம்பப் பாடசாலையில் ஆள் இல்லையென்று என்னை அங்கே மாற்றியபோது, அந்தப் பழக்கங்கள் அத்தனையும் என்னோடு வந்தன. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி பெறுவது வெட்கமன்று, வெகுமதி. ஒருத்தியின் கொப்பியை நான் பார்த்தால் நான்கு பேர் தங்கள் கொப்பியை நீட்டினார்கள். தன்னால் எழுத முடிந்ததையும் முடியாது என்று சொல்லி என்னை அருகில் இருத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். வகுப்பாசிரியை இதையெல்லாம் கண்டு ரசித்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவருடைய குரல் வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். என்னை அவர் ‘அக்கா’ என்றார். நான் அவரை, எல்லோரையும் போல, ‘ரீச்சர்’ என்றேன்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை பேசுவதில்லை. கொன்னலோ காது மந்தமோ இல்லை; எழுத்து முத்துமுத்தாக இருந்தது; கூட்டல் கழித்தலில் பிழை விடமாட்டாள். வீட்டில் வாய் ஓயாது என்றாள் தாய். பாடசாலைக்குள் வந்தால் மட்டும் ஒரு சொல்லும் இல்லை. முதலாம் தரத்தில் தொடங்கிய மௌனம் இரண்டாம் தரத்தின் நடுப்பகுதிவரை வந்துவிட்டது. அதிபர் அதை மேலிடத்துக்கு அறிவித்திருந்தார். தவணை முடிவதற்குள் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், தேவையென்றால் நகரத்துப் பாடசாலை ஒன்றிலுள்ள விசேட கல்வி அலகுக்கு அனுப்பச் சொல்வார் என்ற நிலை. தாய் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குபவள், கைக்குழந்தையும் இருந்தது. ஒருநாள் வாசலில் நின்று, எங்கள் முகத்தைப் பாராமல் சொன்னாள்: “ரவுணுக்கு நாளாந்தம் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு திரிய என்னாலை ஏலாது ரீச்சர். அங்கை போடச் சொன்னால் நான் மறிச்சு வீட்டிலை வைச்சிருப்பன்.” அவள் மிரட்டவில்லை. இருப்பதைச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த ஒரு வருகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் எனக்குத் தெரிந்தபடி முயன்றேன். அவள் அருகில் அமர்ந்து, அவளைப் பாராமல், ஏதாவது ஒன்றை வெட்டிக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ காத்திருந்தேன். அவள் என்னோடு மிகவும் இசைவாக இருந்தாள்; என் தோளில் சாய்ந்துகூட இருந்தாள். ஆனால் பேசவில்லை. வாரங்கள் போயின. ஒரு காலை வகுப்பாசிரியை வரவு கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவளுடைய பெயர் வந்ததும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “வந்திட்டா ரீச்சர்!” என்றது. பிறகு அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத் தடுமாறினாள். “ரீச்சர், அவவுக்குத் தண்ணி விடாய்க்குதாம்” என்றது ஒரு குரல். “அவவுக்கு ஒண்டுக்கு வருகுதாம்” என்றது இன்னொன்று. அவள் புருவத்தை அசைத்தால் போதும், யாராவது அதை மொழிபெயர்த்தார்கள். அன்பான பிள்ளைகள். எல்லோரையும்விட விரைவாக மொழிபெயர்த்தவள் அவளோடு ஒரே வாங்குப்பலகையில் இருந்த வாயாடிச் சிறுமி. இடைநிலைப் பாடசாலையில் ஒருவனுக்காக இன்னொருவன் வாய் திறக்கமாட்டான். இங்கே அவளைச் சுற்றி எத்தனையோ வாய்கள் அவளுக்காக உழைத்துக்கொண்டிருந்தன.

இடைவேளையில் இதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், யன்னல் வழியாக அந்தப் பிள்ளையையும் அவளைச் சுற்றி நின்றவர்களையும் பார்த்தார். மறுநாள் வகுப்பில் ஒரு விளையாட்டை அறிவித்தார். “இனிமேல் இவவுக்காக ஆர் கதைச்சாலும் பிழையாத்தான் கதைக்க வேணும். சரியாச் சொல்லுற ஆள் அவுட்.” வகுப்பு துள்ளியது. அடுத்த வரவு கூப்பிடலிலேயே அவளுடைய பெயர் கத்தரிக்காய் ஆகிவிட்டது. அவள் வீடு நிலாவில் இருந்தது. அவளுடைய தம்பிக்கு வால் முளைத்திருந்தது.

நகரப் பாடசாலையில், வாசிக்கத் திணறிய ஒரு மாணவனுக்குப் பதிலாக அவனுடைய நண்பன் பகிடிக்குப் பிழையாக வாசித்ததையும், அந்த மாணவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிப் பிறகு வரவேயில்லை என்பதையும் ஆசிரியைக்குச் சொன்னேன். எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் ஒன்று அன்றுதான் நடந்தது. “அக்கா, உங்கடை பெரிய பிள்ளையள் வெட்கத்தாலை வாயை மூடுதுகள்,” என்றார். “உவள் வசதியாலை மூடுறாள். எல்லாம் நடக்குது, பிறகேன் கதைப்பான்?” அது வெட்கம் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எனக்குத் தெரியாது. நீங்கள் பாருங்கோ. உங்களுக்குத்தானே அது தெரியும். அழுதாளெண்டால் அண்டைக்கே நிப்பாட்டுறன்.”

ஆகவே நான் அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே அந்த நாட்களில் என் முழு வேலையாயிற்று. ஒவ்வொரு முறை அவள் பெயர் கூப்பிடப்படும்போதும் பார்த்தேன். பிடரி இறுகவில்லை. மாறாக, நெற்றியில் ஒரு சிறிய மடிப்பு விழுந்தது. உதடு ஒருபக்கம் கோணியது. ஒரு கிழமையின் பின் ஆசிரியையிடம் போய், “அது வெட்கம் இல்லை ரீச்சர், கோபம்” என்றேன். “அப்ப நல்லது” என்றார் அவர். ஆனாலும் அவள் பேசவில்லை. கோபத்தோடு மௌனமாக இருந்தாள். அவ்வளவுதான் மாற்றம்.

அதிகாரி சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்தார். அதிபரோடு வகுப்புக்குள் நுழைந்தபோதுதான், விளையாட்டை நிறுத்தும்படி நாங்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. ஆசிரியை என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே எண்ணம். அதற்குள் அதிகாரி முன்வாங்கில் இருந்த அந்தப் பிள்ளைக்கு அருகில் குனிந்து, கனிவாகக் கேட்டுவிட்டார்: “பிள்ளை, உம்மடை பேர் என்ன?”

“கத்தரிக்காய்!” என்றது வகுப்பு.

அதிபரின் முகம் கறுத்தது. அதிகாரி நிமிர்ந்தார். “வீடு எங்கை?” என்று மீண்டும் அவளிடமே கேட்டார். நிலாவில் என்று பாதிப்பேர் கத்தினார்கள், மீதிப்பேர் சிரித்தார்கள். அதிகாரி ஆசிரியையின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. “என்ன ரீச்சர் இது? கதைக்க மாட்டாத பிள்ளையைப் பகிடி பண்ணவோ பழக்கி வைச்சிருக்கிறியள்?”

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். எனக்குள் விளக்கம் முழுவதும் ஆயத்தமாக இருந்தது, நான் எழுந்தும்விட்டேன். பிறகுதான் கண்டேன், நான் எழுந்ததும் அந்தப் பிள்ளை நிம்மதியோடு என் பக்கம் திரும்பியதை. இன்னொரு வாய் தனக்காகத் திறக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அமர்ந்தேன். என் வாழ்க்கையில் அமர்வதற்கு அவ்வளவு கடினப்பட்டதில்லை.

அதிகாரி மூன்றாவது முறையும் கேட்டார். நல்ல மனிதர். “சரி, காலமை என்ன சாப்பிட்டனீர்?” ஒருவரும் பதில் சொல்லவில்லை. பெரியவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. அவர் கையிலிருந்த அறிக்கைக் கோவையைத் திறந்தார். அப்போது, மௌனத்தைச் சற்றும் தாங்க மாட்டாத அந்த வாயாடி, அடிக்குரலில், “மண்” என்றாள்.

பேசாதவள் அவளுடைய தொடையில் கிள்ளினாள். பிறகு கையைக் குவித்து அவள் காதோடு வாயை வைத்தாள். உதடுகள் அசைந்தன. சிறிது நேரம் அசைந்துகொண்டே இருந்தன. வாயாடி தோளைக் குறுக்கிக்கொண்டு நெளிந்தாள்.

“சேர், பாணும் சம்பலுமாம். நான் பொய்க்காரியாம். தங்கடை வீட்டிலை ஒருத்தரும் மண் தின்னுறேல்லையாம்.”

“அவவே சொன்னவ?”

“ஓம் சேர். காதுக்குள்ளை. சரியாக் கூசுது.”

அதிகாரி கோவையை மூடிக்கொண்டு அந்தச் சின்ன வாங்கின் விளிம்பில் அமர்ந்தார். பிறகு அவர் கேட்டவையெல்லாம் அந்தக் காது வழியாகவே போய் வந்தன: சம்பல் உறைத்ததா, தம்பிக்கு எத்தனை பல்லு, பள்ளிக்கூடத்தில் எது விருப்பம். வாயாடி ஒருமுறை பதிலில் ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னாள். உடனே இன்னொரு கிள்ளு விழுந்தது. எழுந்து போகும்போது அவர் அதிபரிடம் சொன்னார்: “இந்த வருசமும் வாற வருசமும் இஞ்சையே இருக்கட்டும். பிறகு பாப்பம்.” வாசலில் நின்று ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். “உந்தக் கத்தரிக்காயை மட்டும் இண்டையோடை நிப்பாட்டுங்கோ.”

இப்போது நான் மீண்டும் நகரப் பாடசாலையில் இருக்கிறேன். பிள்ளைகள் பார்க்காத பக்கத்திலிருந்து உதவி செய்கிறேன். ஆசிரியை தீவுப்பக்கம் இடமாற்றமாகிப் போய்விட்டார். தொலைபேசியில் பேசும்போது, “அக்கா, இன்னும் ஒளிச்சுத்தான் இருக்கிறியளோ?” என்று கேட்பார். ஓம் என்பேன். ஆனால் உதவ எழும் நேரத்தில் ஒரு கணம் தயங்குகிறேன், எழுவதால் எதை மூடிவிடுகிறேன் என்று. இரண்டு பாடசாலைகளுக்கும் பொதுவாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கணம்தான்.

அதிகாரி வந்துபோன அன்று பாடசாலை விட்டதும், தோட்டத்து மண் காயாத கால்களோடு தாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாடசாலை முற்றத்து வேப்பமர நிழலில் நின்றாள். விசயம் தெரிந்து ஓடி வந்திருந்தாள். பிள்ளையை மாற்றவில்லை என்று ஆசிரியை சொன்னதும், நம்பாமல் இன்னொரு முறை கேட்டாள். பிறகு, “கதைச்சவளோ ரீச்சர்? என்ன கதைச்சவள்?” என்றாள். ஆசிரியை வாயெடுத்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பற்றினேன். இருவரும் பிள்ளையைப் பார்த்தோம்; தாயும் குனிந்து அவளையே பார்த்தாள்.

அவள் சைக்கிளின் பின் கரியரில் ஏறி, பாவாடையைச் சரிசெய்தாள். “அம்மா,” என்றாள், “அவள் நான் மண் சாப்பிட்டனானெண்டு சேருக்குச் சொல்லிப்போட்டாள்.” அந்தச் சிறிய உடலுக்கு நான் நினைத்திருந்த குரல் அதுவன்று, தடித்த, சற்றுக் கரகரத்த குரல். சைக்கிள் நகர்ந்தது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். உரும்பிராய் முழுவதற்கும் கேட்கப் பேசும் அந்த ஆசிரியை, மூச்சு விடவும் அஞ்சியவர்போல என் அருகில் நின்றார். வாசலுக்குக் கிட்டப் போனதும் பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். பேச்சை நிறுத்தவில்லை.